காக்கா விரட்டுற உத்தியோகம்

வாப்பு, வா. இப்படி நெழல்ல வந்து ஒக்காரு. அந்த லேப்டாப்பையும் மடியிலயே வச்சுக்க, நான் ஒண்ணுஞ் சொல்லல. மெட்ராசுல ஏசி ரூமுல ஒக்காந்து பார்த்த வேலைய இங்க வேப்பமரத்தடிக் கட்டில்ல ஒக்காந்து பார்க்குற, சம்பளம் மட்டும் கொறையாம வருதுன்னு ஒம் பொண்டாட்டி சொன்னா. கெட்டிக்காரப் பயதான். ஒக்காந்த எடத்துல சம்பாதிக்கிறதுல நம்ம வம்சத்துல நீதான் மொத ஆளு. ஒக்காந்த ஆளுக முன்னயும் இருந்தாக. சம்பாதிக்கல, அம்புட்டுத்தான் வித்தியாசம்.

காலையில அவ இடுப்புல பிள்ளையும் கையில மொளகாச் சாக்குமா மாடிப்படி ஏறயில, நீ தலையத் தூக்கி, "நான் எதாவது ஹெல்ப் பண்ணணுமா?"ன்னு கேட்டியே, என் காதுல தேன் வந்து பாஞ்சுச்சு. உங்க அய்யாகூட இம்புட்டு நயமாக் கேட்டதில்ல. அதான் ஒனக்கு நாலு நல்ல வார்த்த சொல்லுவோம்னு கூப்பிட்டேன். பயப்படாத, வேல செய்யச் சொல்லிக் குடுக்க மாட்டேன். சித்திரை ஒண்ணுக்கு முன்னால பங்குனிக் கடேசியில வருதே இந்த ஒரு வாரம், இதுல ஒரு துரும்பையும் நகத்தாம, நல்ல பேரையும் விட்டுராம, எப்படிக் கரையேறுறதுங்குற வித்தைய மட்டும் சொல்றேன். ஒம் பூட்டன், உங்க அய்யா, உங்கப்பன்னு இந்த வீட்டு ஆம்பளைக அம்புட்டுப் பேரோட தெறமையையும் கிட்ட இருந்து பார்த்தவ நான்.

மொதல்ல இது என்ன வாரம்னு தெரிஞ்சுக்க. தாயமங்கலம் முத்துமாரிக்குப் பங்குனிப் பொங்கல் வச்சுட்டு வந்த அலுப்பு இன்னும் தீரல. அதுக்குள்ள மாசியில உலுக்குன புளி முத்தத்துல குமிஞ்சு கெடக்கு. ராமநாதபுரத்துக் குண்டு மொளகா, அதான் 2023-ல புவிசார் குறியீடெல்லாம் வாங்குச்சே, அது புதுசா எறங்கியிருக்கு. மரத்துல வேப்பம்பூ கொட்டுது. மாவடு இன்னைக்கு விட்டா நாளைக்குக் கொட்ட கட்டிரும். பிள்ளைகளுக்கு முழுப்பரிச்ச. பரிச்ச முடிஞ்ச மறுநாளே லீவுக்கு வந்து எறங்குற கூட்டம். ஒட்டறையடிக்கணும், வீட்டக் கழுவி விடணும். இதுல ஒண்ணையும் தள்ளிப் போட முடியாதுப்பு, ஏன்னா அம்புட்டு வேலையும் ஒரே வெயில நம்பித்தான் நிக்கிது. சித்திரை பாதியில கோடை மழை எப்ப எறங்கும்னு யாரு கண்டா? அக்கினி நச்சத்திரம் பொறந்துட்டா மாடியில கால் வைக்க முடியாது. வருசம் பூராவும் குழம்பு கொதிக்கணும்னா, அதுக்கு வேண்டிய சாமானு இந்த ஏழெட்டு வெயிலுக்குள்ள காஞ்சு, இடிச்சு, பானையில அடஞ்சுரணும்.

சரி, வித்தைக்கு வருவோம்.

மொத வித்தை ஒனக்கு ஏற்கெனவே கைவந்துருக்கு. செய்யாத, கேளு. "என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன்"னு ஒரு வார்த்த கேட்டுட்டாப் பாரம் எறங்கிரும், ஒனக்கு. அவ என்ன பண்ணணும்? கையில உள்ளத வச்சுட்டு, தலையில நிக்கிற பதினஞ்சு வேலையில ஒனக்குத் தோதான வேல எதுன்னு பொறுக்கணும். அதுக்கு வேண்டிய மொறம் எங்க, துணி எங்கன்னு எடுத்துக் குடுக்கணும். செய்யிற விதத்தச் சொல்லணும். நடுவுல ஒருக்கா வந்து எட்டிப் பார்க்கணும். முடிச்சதும் "பரவாயில்லையே"ன்னு மெச்சணும், இல்லாட்டி ஒம் மூஞ்சி தொங்கிரும். இம்புட்டுக்கு அவளே செஞ்சிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும். அதனால, "ஒண்ணும் வேணாம், நீங்க ஒங்க வேலையப் பாருங்க"ம்பா. அந்த வாக்கு வந்துச்சோ இல்லையோ எந்திரிச்சுப் போயிரு. அப்புறம் ஊருல நாலு பேருகிட்டச் சொல்லிக்கலாம், "நான் கேட்டேன், அவதான் வேணாம்னுட்டா."

ரெண்டாவது வித்தை உங்க அய்யாவோடது. மாட்டேன்னு சொல்லக் கூடாது. செய்யணும், ஆனா ஒரே ஒரு தடவதான் செய்யணும். நான் வாக்கப்பட்டு வந்த வருசம், புளி தட்ட எங்க மாமியா எல்லாரையும் ஒக்கார வச்சாக. புளின்னா நீ கடையில பாக்கெட்டுல பார்க்குற பண்டம் இல்ல. ரெண்டு வெயில் காயப் போட்டாத்தான் ஓடு மொறுமொறுன்னு விடும். ஓட்ட ஒடச்சு, நார உருவி, கீறிக் கொட்டையத் தட்டி எடுக்கணும். ஓட்டோட பத்து கிலோ வாங்குனா அதுல பாதி சதை தேறுறதே பெருசு. மிச்சம் ஓடு, கொட்ட, நாரு. வெரலிடுக்குல வெடிப்பு இருந்தாப் புளிப்பு ஏறித் தீயா எரியும். அப்புறம் கல்லுப்பத் தூவித் தூவி, மானாமதுரைப் பானையில அமுக்கி அமுக்கி வைக்கணும். ஈரக் கை மட்டும் படவே கூடாது.

உங்க அய்யா என்ன பண்ணுனாக தெரியுமா? மூணுல ஒரு கொட்டைய உள்ளயே விட்டாக. நாரையும் விட்டாக. வாயக் கொப்புளிச்சுட்டு வந்த ஈரக் கையோட பானைக்குள்ள விட்டு அமுக்குனாக. ஐப்பசி அடைமழையில பானையத் திறந்தா மேல பூசணம் பூத்துக் கெடக்கு. எங்க மாமியா என்ன சொன்னாக? "பாவம், அவனுக்கு இதெல்லாம் வராது, இனிமே அவன்கிட்டக் குடுக்காதீக." அம்புட்டுத்தான். அதுக்கப்புறம் அவுக கண்ண மூடுற வரைக்கும் ஒரு புளியம்பழத்தத் தொடல. போனது ஒரு பானைப் புளி, கெடச்சது ஆயுசுக்கும் விடுதல. லாபமா நட்டமான்னு நீயே கணக்குப் போட்டுக்க, இஞ்சினீரு படிச்சவன்.

மூணாவது, வெளி வேல. வீட்டுக்குள்ள இருந்தாத்தான கண்ணுல படுவ? மொளகாப் பொடி அரைக்க மில்லுக்கு நான் போறேன்னு மொத ஆளா எந்திரிச்சுரு. காம்பு கிள்ளுனது அவ. கை ரெண்டும் காந்தி, மோருல முக்கிக்கிட்டு ஒக்காந்திருக்கிறதும் அவ. மல்லியப் பொடைச்சுக் காயப் போட்டதும், சீரகம் மொளகு வெந்தயத்தப் பதமா வறுத்ததும், மஞ்சளத் தட்டி ஒடச்சதும் அவதான். வாளியத் தூக்கி வண்டியில வைக்கிறது நீ. மில்லுல கூட்டமா இருக்கும், அது ஒனக்குத்தான் நல்லது. ஒரு டீ, ஒரு பேப்பரு, நாலு கட்சி நாயம். நடுநடுவுல போன் போட்டு, "இது எந்த அரவை, நைசா நறநறப்பா?"ன்னு கேட்டுக்க. வேல நடக்குதுங்குறதுக்கு அதுவும் ஒரு சாட்சி.

ஒரே ஒரு தொழில் ரகசியம். நமக்கு முன்னால மிசினுல என்ன அரச்சாகன்னு பார்த்துட்டுத்தான் போடணும். உங்கப்பன் ஒரு வருசம் பார்க்காமப் போட்டுட்டு வந்தான். முன்னால போனது சீயக்கா. மறு பங்குனி வரைக்கும் இந்த வீட்டு மீன் கொழம்பு எண்ணெ தேச்சுக் குளிச்ச மணத்தோட எறங்குச்சு. அரச்சுக் கொண்டாந்த பொடி சூடா இருக்கும். பேப்பர விரிச்சுப் பரத்தி ஆற விடணும், சூட்டோட மூடுனா வேர்த்துக் கட்டி கட்டியாப் போயிரும். அதெல்லாம் ஒனக்கு எதுக்கு? வாளிய நடையில வச்சுட்டு, "யப்பா, என்னா வெயிலு!"ன்னு சொல்லி ஃபேனுக்கு அடியில சாஞ்சிரு. மோரு தானா வரும்.

இப்பச் சொல்லப் போற நாலாவதுதான் பெரிய உத்தியோகம். காக்கா விரட்டுறது.

கூழ் வத்தல் எப்படி வருதுன்னு தெரியுமா? முந்தின நாளே அரிசிய ஊறப் போட்டு, ஆட்டி, ராத்திரி பூரா புளிக்க வச்சு, விடியக்காலம் கோழி கூப்பிடயில அடுப்ப மூட்டணும். நம்ம வீட்டுக் கணக்கு ஒரு படி அரிசிக்கு ஆறு படித் தண்ணி. கிண்டிக்கிட்டே நிக்கணும், கண்ண எடுத்தா அடிப்பிடிச்சுரும். ஈரக் கையால தொட்டா ஒட்டக் கூடாது, அதுதான் பதம். பதம் தப்புனா எண்ணெயில பொரியாது, பல்லுலயும் ஒடையாது. உப்பு அரை உப்பாத்தான் இருக்கணும். காயக் காய உப்பு ஏறும், கூழுல சரியா இருந்தா வத்தல்ல கரிச்சுரும். சூடு ஆறுறதுக்குள்ள மாடியில நனச்ச வேட்டிய விரிச்சு ஊத்தி முடிக்கணும். மறுநா காஞ்ச துணியத் திருப்பிப் போட்டு, பின்னால தண்ணி தெளிச்சு உரிச்சு, இன்னும் ரெண்டு வெயில் காய வைக்கணும்.

இம்புட்டும் முடிஞ்சு வெயில் ஏறுனதும், ஒரு கறுப்புக் கொடையும் ஒரு கம்பும் எடுத்துக்கிட்டு மாடிக்குப் போவாக உங்க அய்யா. தண்ணித்தொட்டி நெழல்ல கவுத்துக் கட்டில். தலமாட்டுல ரேடியோ. மதுரை வானொலி நாதசுரத்த ஆரம்பிக்கயில ஒறங்கிருவாக. காக்கா அதுபாட்டுக்கு வந்து, ஆற அமரப் பார்த்து, நல்லா வட்டமா விழுந்த வத்தலாப் பொறுக்கித் தின்னும். நான் மேல போயி, "என்னங்க இது?"ன்னு கேட்டா அவுக பதற மாட்டாக. "எங்க அய்யாவுக்கு வத்தல்னா உசுரு. இன்னைக்கு வந்துருக்காரு. விரட்டச் சொல்றியா?"ம்பாக. முன்னோருக்குப் படையல்னு வந்துட்டா நாம வாயத் திறக்க முடியுமா? அந்தக் கெழட்டு மாமனாரு உசுரோட இருக்கயிலயும் நான் வடிச்சுக் கொட்டுனேன், செத்த பொறகும் வருசா வருசம் வத்தல் போட்டேன். சாயங்காலம் உங்க அய்யா எறங்கி வந்ததும், வெயில்ல காவல் காத்த களைப்புக்குக் காலையும் அமுக்கி விட்டேன்.

அஞ்சாவது வித்தை உங்கப்பனோடது. மிசினக் காட்டுறது. 2011-ல மிக்சி, கிரைண்டரு, ஃபேனுன்னு மூணையும் சர்க்காரு சும்மா குடுத்துச்சு. ஆட்டுக்கல்லு மாட்டுத் தொட்டிப் பக்கம் போயி ஒக்காந்துக்கிருச்சு. அன்னைக்கே உங்கப்பன் கேட்டான், "இனி ஒங்களுக்கு என்னதான் வேல?"ன்னு. கை வலி கொறஞ்சது நெசம், நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா முன்ன ஒரு படி ஊறப் போட்டோம், இப்ப மூணு படி. மெட்ராசுக்கு ஒரு டப்பா, திருப்பூருக்கு ஒரு டப்பா, துபாய்க்கு ஒரு டப்பா. அப்புறம் 2021-லருந்து டவுன் பஸ்ஸுல பொம்பளைகளுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லைன்னு ஆச்சு. அதையும் உங்கப்பன் விடல. "நான் போனாக் காசு, நீ போனா மிச்சம்"னு சொல்லி, பானை வாங்க மானாமதுரைக்கு உங்காத்தாளத்தான் அனுப்பி வச்சான். சர்க்காரு பொம்பளைகளுக்கு என்ன குடுத்தாலும் அதுல ஆம்பளைக்கு ஒரு ஓய்வு ஒளிஞ்சிருக்கும்ப்பு, தேடுனா கெடைக்கும்.

இதெல்லாம் நம்ம வீட்டுக் கதைன்னுதான் இம்புட்டு நாளா நெனச்சேன். நேத்து ராத்திரி ஒம் பொண்டாட்டி போன்ல ஒண்ணு வாசிச்சுக் காட்டுனா. ஆளுக நேரத்த எப்படிச் செலவழிக்கிறாகன்னு டெல்லி சர்க்காரு 2019-ல தேசம் பூரா கணக்கு எடுத்துச்சாம். சம்பளமில்லாத வீட்டு வேலையில பொம்பளைக ஒரு நாளைக்கு 299 நிமிசம், ஆம்பளைக 97 நிமிசம். அடடே, ஒண்ணரை மணி நேரமா, யாரு பெத்த பிள்ளைகளோன்னு மலச்சுப் போனேன். கீழ வாசிச்சா, அது வீட்டு வேல செய்யிற ஆம்பளைகளோட கணக்காம். அப்படிச் செய்யிறவுக நூத்துக்கு 26 பேருதானாம். மிச்சம் 74 பேரும் உங்க அய்யாகிட்டப் பாடம் படிச்சவுக போல. 2024-ல மறுபடி எடுத்தாகளாம். பொம்பளைகளுக்கு 289 ஆயிருச்சாம், பத்து நிமிசம் மிச்சம். ஆம்பளைக விட்டுக் குடுப்பாகளா? அவுகளும் 97-அ 88 ஆக்கிட்டாக. நாம ஒரு அடி முன்ன வச்சா அவுகளும் கூடவே வர்றாக பாரு, அதுதான் ஒத்தும.

வருசப் பொறப்பு அன்னைக்கு ஒனக்கு என்ன வேலங்குறதையும் சொல்லிருறேன். 2008-ல தை ஒண்ணுதான் வருசப் பொறப்புன்னு சட்டம் போட்டாக. 2011-ல அத எடுத்துட்டுச் சித்திரை ஒண்ணுக்கே கொண்டாந்தாக. நல்லா விவாதம் பண்ணுனாக, நம்ம திண்ணையிலயும் நடந்துச்சு. விவாதத்துக்கு டீ நாங்க போட்டோம். மாத்துனப்பப் பொங்கப்பானை எங்க தலையில, திருப்புனப்ப வேப்பம்பூப் பச்சடி எங்க தலையில. வேப்பம்பூ சும்மா வராதுப்பு. விடியக்காலம் மரத்தடியக் கூட்டித் துணி விரிச்சு, விழுந்த பூவுல காம்பும் தூசியும் பொடைச்சு, காய வச்சு, நெய்யில கருகாம வறுக்கணும். மாங்காயும் வெல்லமும் சேர்ந்த பச்சடிய நீ ஒரு விரலால தொட்டு நக்கிட்டு, "கசப்பும் இனிப்பும் கலந்ததுதான் வாழ்க்க"ன்னு பிள்ளைகளுக்கு உபதேசம் பண்ணலாம். கசப்ப வறுத்தது யாருன்னு அப்பச் சொல்லிக்கிட்டு இருக்காத, உபதேசம் கெட்டுப் போயிரும்.

அப்புறம் பஞ்சாங்கம் வாசிக்கிறது. எந்த ராசிக்கு ஆதாயம் 14 விரயம் 2, எந்த ராசிக்கு ஆதாயம் 2 விரயம் 14ன்னு உங்க அய்யா கண்ணாடியப் போட்டுக்கிட்டு எல்லாருக்கும் சொல்லுவாக. பாத்திரம் கழுவுறது எந்த ராசிக்கு எழுதியிருக்குன்னு ஒரு தடவ கேட்டேன். அதுக்கு மட்டும் எழுத்துப் பொடிசா இருக்கு, தெரியலன்னுட்டாக.

என்ன சிரிக்கிற? அடுப்படிக் கதவுக்குப் பின்னால இன்னொருத்தியும் சிரிக்கிறா. வெளிய வா தாயி, ஒளிஞ்சு நின்னு கேட்டது போதும். ஒனக்கும் ஒண்ணு வச்சிருக்கேன். முந்தாநா அவன் மொளகாயக் காயப் போட்டான். நீ பின்னாலயே போயி அம்புட்டையும் அள்ளி மறுபடி பரத்திப் போட்ட, நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். எங்க மாமியா "அவனுக்கு வராது"ன்னு சொல்லி ஒரு ஆம்பளையக் கெடுத்தாக. நீயும் அதையே செய்யாத. கோணலாக் கெடந்தா மொளகா காயாதா? அவன் உப்ப அள்ளிப் போட்டா, கரிக்கிற வத்தல வருசம் பூரா அவன் எலையிலயே வையி. அடுத்த பங்குனிக்கு அவனுக்கு அரை உப்பு தானா வரும். நீ பின்னாலயே போயித் திருத்துனா, திருத்துற வேல ஒன்னது, செஞ்ச பேரு அவனோடது.

சரிப்பு, இம்புட்டு நேரம் தப்பிக்கிற வித்தை சொன்னேன். எல்லாத்துலயும் ஒரு ஓட்ட இருக்கு. உங்க அய்யாவுக்கு நான் கெடச்சேன், உங்கப்பனுக்கு உங்காத்தா கெடச்சா. நீ கட்டிக்கிட்டு வந்துருக்குறவ ஒன்னைய மாதிரியே மாசச் சம்பளம் வாங்குறவ. சாயங்காலம் அவளுக்கும் ஆபீசுல இருந்து போன் வருது, கையில புளிய வச்சுக்கிட்டே பேசுறா. ஒன்னைய மட்டும் கட்டில்ல ஒக்கார வச்சு மோர் குடுக்குறது இன்னும் எத்தன பங்குனிக்கு ஓடும்னு நெனைக்கிற?

அதனால, கேக்குறத விட்டுரு. ஒரு சாமான எடு. ஒண்ணே ஒண்ணு, ஆனா முழுசா. புளின்னா, மாசியில எந்த மரத்துப் புளி வாங்குறதுங்குறதுலருந்து ஐப்பசி மழையில பானைய எட்டிப் பார்க்குற வரைக்கும் ஒன்னோடது. வத்தல்னா, அரிசி ஊறப் போடுறதுலருந்து டப்பாவுல அடைக்கிற வரைக்கும் ஒன்னோடது. அவ தலையில அந்த நெனப்பே இருக்கக் கூடாது. மறந்தா நீ மறந்தது, கெட்டா நீ கெடுத்தது, மொறுமொறுன்னு பொரிஞ்சா நீ போட்டது. நெனப்ப அவகிட்ட விட்டுட்டுக் கையக் காலை மட்டும் நீ ஆட்டுனா, அதுக்குப் பேரு கூலி வேல, அதுலயும் சொன்னாச் செய்யிற கூலி.

புளி இந்த வருசம் பாதி முடிஞ்சுபோச்சு. அதனால ஒனக்கு நாளைக்கு வத்தல். அரிசி ரெண்டு படி, இப்பவே ஊறணும். எந்த டப்பான்னு கேக்காத, தேடு. சாயங்காலம் ஒன் மீட்டிங்கு முடிஞ்சதும் ஆட்டிரு, கிரைண்டரக் கழுவிரு. விடியக்காலம் நாலரைக்கு அடுப்புப் பத்தணும். அலாரத்த ஒம் போன்ல வையி, அவள எழுப்பாத.